துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்

1950களில் உலகின் பல மகப்பேறு மருத்துவமனைகளை ஒரு பாக்டீரியா ஆட்டிப் படைத்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இனத்தில் ‘80/81’ என்று எண் கொடுக்கப்பட்ட ரகம் அது. ஆஸ்திரேலியாவில் முதலில் கண்ணில் பட்டது. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டன், அமெரிக்கா என்று பரவிவிட்டது. பெனிசிலினுக்கு மசியவில்லை. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் உடம்பில் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பும். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் கட்டி வரும். சில குழந்தைகளுக்கு நுரையீரல் வரை போய் உயிரையே பறித்துவிடும்.

நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இந்தத் தொற்றின் மூலத்தைத் தேடிப் போனவர்களில் ஹென்றி ஷைன்ஃபீல்ட், ஹைன்ஸ் ஐகன்வால்ட் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இருந்தார்கள். குழந்தைகளைக் கவனித்துவந்த செவிலியர் ஒருவரின் மூக்கில் 80/81 குடியிருந்தது தெரியவந்தது. அவருக்கு ஒரு நோயும் இல்லை. அவர் கை பட்ட குழந்தைகள் எல்லாருக்கும் அது ஒட்டியிருக்கும் என்று நினைத்தால், கணக்கு இடித்தது. பிறந்து ஒரு நாளுக்குள் அவர் தூக்கிய குழந்தைகளில் சிலரிடம் 80/81 இருந்தது. ஒரு நாள் கழிந்த பிறகு அவர் கைக்கு வந்த குழந்தைகளை அது அநேகமாகத் தொடவே இல்லை. அதே செவிலியர், அதே கைகள். மாறியது குழந்தையின் வயது மட்டுமே, அதுவும் சில மணி நேரம்.

அந்தச் சில மணி நேரத்தில் குழந்தையின் மூக்கிலும் தொப்புளிலும் வேறு ஏதோ ஒரு சாதுவான ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்து குடியேறியிருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா? பின்னால் வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் துண்டைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார். பச்சைக் குழந்தையின் மூக்கில் நடந்ததும் அதுதான்.

அடுத்து அந்த மருத்துவர்கள் செய்தது இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதிக்காத காரியம். ஆபத்தில்லாதது என்று தோன்றிய ‘502ஏ’ என்ற ஆரியஸ் ரகத்தைப் பஞ்சில் தொட்டு, பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் தடவினார்கள். நோயாளியாகாத குழந்தைக்கு மருத்துவரே பாக்டீரியாவைத் தடவுவது! சின்சினாட்டியில், ஜார்ஜியாவில், லூசியானாவில் 80/81 பரவிய மருத்துவமனைகளில் இதைச் செய்தார்கள். பரவல் அடங்கியது. ஒரு பாக்டீரியா இன்னொன்றின் வழியை மறிக்கும் இந்த நிகழ்வைப் ‘பாக்டீரியாக் குறுக்கீடு’ என்று அழைத்தார்கள். இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அது அவ்வளவு இனிப்பானதில்லை, பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பேருந்தைப் பார்த்துவிடுவோம். வளர்ந்த ஒருவரின் தோலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வரும். நல்ல அகலமான கோரைப்பாய் ஒன்றின் அளவு. ஆனால் தோல் பாய் போலத் தட்டையானதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு குழி. ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் ஒரு கிணறு. இவற்றின் உள்சுவர்களையும் சேர்த்துக்கொண்டால் பரப்பு 25 சதுர மீட்டரைத் தாண்டும் என்று ஒரு கணிப்பு இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அந்தக் குழிகளும் கிணறுகளும்தான் வசிப்பிடம். மேல்தோல் வெறும் திண்ணை.

இந்த நிலம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேரி மார்ப்பிள்ஸ் 1965இல் மனிதத் தோலின் சூழலியல் பற்றி ஒரு கனமான நூல் எழுதினார். தோலை ஒரு உறுப்பாகப் பார்க்காமல் நிலப்பரப்பாகப் பார்த்தவர் அவர். முன்கை ஒரு பாலைவனம், அக்குள் வெப்பமண்டலக் காடு, உச்சந்தலை ஒரு குளிர்ந்த சோலை. ஐந்திணையில் பழகிய நமக்கு இந்தப் பார்வை புதிதாகப் படாது. நிலம் மாறினால் உணவு மாறும், விலங்கு மாறும், தொழில் மாறும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. நெற்றியும் மூக்கின் ஓரமும் எண்ணெய் வடியும் நிலம். அங்கே எண்ணெயைத் தின்னும் கியூட்டிபாக்டீரியம் ஏக்னீஸ் கோலோச்சுகிறது. அக்குளிலும் கால்விரல் இடுக்கிலும் ஈரம் தேடும் கோரினிபாக்டீரியங்களும் ஸ்டெஃபைலோகாக்கஸ்களும் இருக்கின்றன.

2009இல் அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எலிசபெத் கிரைஸ், ஜூலியா சேக்ரே குழுவினர் நலமாக இருந்த 10 பேரின் உடம்பில் ஆளுக்கு 20 இடங்களில் மாதிரி எடுத்து, அங்குள்ள பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். காது மடலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பில் சராசரியாக 15 இனங்கள் இருந்தன. வறண்டு கிடக்கும் முன்கையின் உட்புறத்திலோ 44. பாலை நிலத்தில்தான் பன்மை அதிகம். காதோரத்தில் எண்ணெய் தாராளமாகக் கிடைப்பதால் அதைத் தின்னத் தெரிந்த சிலரே முழு இடத்தையும் வளைத்துக்கொள்கிறார்கள். கொழுத்த நிலத்தில் நிலக்கிழார்கள் கொஞ்சம் பேர்தானே.

இனி நம் கதையின் இரண்டு முக்கிய பாத்திரங்கள். 1880வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, குலைகுலையாகக் கிடந்த உருண்டைகளைக் கண்டார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலைக்கு உள்ள சொல்லை எடுத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1884இல் ஜெர்மானியர் ரோசன்பாக் அவற்றைத் தட்டில் வளர்த்தபோது சில பொன் நிறத்திலும் சில வெள்ளையாகவும் வளர்ந்தன. பொன் நிறத்துக்கு ‘ஆரியஸ்’, லத்தீனில் தங்க நிறம். வெள்ளைக்கு ‘ஆல்பஸ்’, அதைத்தான் இன்று எபிடெர்மிடிஸ் என்கிறோம், மேல்தோலில் வாழ்வது என்ற பொருளில். தங்கப் பெயர் பெற்றதுதான் சீழும் கட்டியும் கொண்டுவருவது. நூற்றுக்கு 20, 30 பேரின் மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. வெள்ளைக்காரர் அநேகமாக நம் எல்லார் தோலிலும் இருக்கிறார். (நிறத்தைச் சொன்னேன், வரலாற்றை அல்ல.)

எபிடெர்மிடிஸ் எப்படி இடத்தைக் காப்பாற்றுகிறது? முதல் வழி சாப்பாடு. தோலில் கிடைக்கும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு, செத்த செல்களின் மிச்சம் எல்லாம் கொஞ்சமோ கொஞ்சம். முன்னால் வந்தவர் தின்று தீர்த்துவிட்டால் பின்னால் வருகிறவர் பட்டினி. அடுத்தது புளிப்பு. நலமான தோலின் பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். தக்காளிச் சாற்றைவிடக் கொஞ்சம் மென்மையான புளிப்பு. 1928இலேயே ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் புளிப்பை வியர்வையும் தோல் செல்களின் சிதைவும் ஒரு பக்கம் தருகின்றன. இன்னொரு பக்கம் ஏக்னீஸ் தருகிறது: மயிர்க்காலின் ஆழத்தில், காற்று அதிகம் புகாத இடத்தில் உட்கார்ந்து எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. பெயரிலேயே முகப்பருவைச் சுமக்கும் பாவி இது. ஆனால் எல்லார் முகத்திலும் இருக்கிறது, எல்லாருக்கும் பரு வருவதில்லை. பழி அதன் சில ரகங்களுக்குத்தான் உரியது. ஆரியஸுக்கோ புளிப்பு பிடிக்காது; நடுநிலையை ஒட்டிய சூழலில்தான் அது செழிக்கும்.

இவை இரண்டும் போதாதபோது ஆயுதம் எடுக்கிறார்கள். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர் இவாசே குழுவினர் ஒரு கேள்வியோடு மூக்குகளுக்குள் புகுந்தார்கள். எபிடெர்மிடிஸ் எல்லாரிடமும் இருந்தும் சிலரிடம் ஆரியஸ் எப்படித் தங்குகிறது? எபிடெர்மிடிஸிலேயே இரண்டு வகை இருப்பது தெரிந்தது. ஒரு வகை ‘எஸ்ப்’ என்ற நொதியைச் சுரக்கிறது. ஆரியஸ் ஓர் இடத்தில் நிலைகொள்ளக் கோந்து போன்ற படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கும். இந்த நொதி அந்தக் கோந்தை அறுத்துவிடுகிறது. எஸ்ப் சுரக்கும் வகையை ஆரியஸ் இருந்த மூக்குகளில் வைத்தபோது ஆரியஸ் வெளியேறியது.

2016இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலிருந்து இன்னும் வியப்பான செய்தி வந்தது. ஆந்திரேயாஸ் பெஷல் குழுவினர் ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற மூக்குவாசியிடம் ஒரு புதிய ஆன்டிபயாடிக்கைக் கண்டெடுத்து ‘லக்டுனின்’ என்று அழைத்தார்கள். (பிரான்சின் லியோன் நகரத்தின் பழைய ரோமானியப் பெயர் லக்டுனம்.) மருத்துவமனையில் இருந்த 187 நோயாளிகளின் மூக்கைச் சோதித்தார்கள். இந்த பாக்டீரியா இல்லாதவர்களில் 34.7 சதவீதத்தினரிடம் ஆரியஸ் இருந்தது. இது இருந்தவர்களில் 5.9 சதவீதத்தினரிடம் மட்டுமே. ஸ்ட்ரெப்டோமைசின் தொடங்கி எத்தனையோ ஆன்டிபயாடிக்குகளை உலகம் மண்ணைக் கிளறித்தான் கண்டெடுத்தது. இது முகத்தின் நடுவிலேயே இருந்திருக்கிறது.

ஆயுதத்தைவிட எனக்கு வியப்பளிப்பது இன்னொன்று. இந்தக் குடியிருப்பாளர்கள் நம் காவல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் யாஸ்மின் பெல்கய்டின் ஆய்வகம் 2012இல் வெளியிட்ட சோதனை இது: பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் படாமல் வளர்த்த எலிகளின் தோலில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைச் செலுத்தினார்கள். எலிகளின் நோய் எதிர்ப்பு செல்கள் திறம்படப் போராடவில்லை. எபிடெர்மிடிஸ் ஒன்றை மட்டும் தோலில் குடியேற்றிய எலிகளில் அந்தத் திறன் திரும்பியது. குடலில் பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பது இதில் கணக்கிலேயே வரவில்லை. தோலின் விவகாரத்தைத் தோலே பார்த்துக்கொள்கிறது.

காவலைத் தூண்டுவது போலவே அடக்கவும் தெரியும். சிராய்ப்பு ஏற்பட்டதும் உடைந்த செல்களிலிருந்து சிந்தும் பொருள்களால் அழற்சி கிளம்பும். தேவையானதுதான், ஆனால் கட்டுமீறினால் ஆறுவதற்குப் பதில் புண் வளரும். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ரிச்சர்ட் கேலோ குழுவினர், எபிடெர்மிடிஸின் செல்சுவரில் இருக்கும் ஒரு கொழுப்பமிலக் கூட்டுப்பொருள் அந்த ஆர்ப்பாட்டத்தைத் தணிக்கிறது என்று 2009இல் காட்டினார்கள். அது கொடுக்கும் வாடகை இன்னும் உண்டு. தோலின் கொழுப்பை வெட்டித் தான் உண்ணும்போது செராமைடு என்ற மெழுகுப் பொருளை அது மிச்சம் வைக்கிறது. செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்து போலத் தோல் செல்களுக்கிடையில் இருந்து ஈரத்தைக் கசியவிடாமல் தடுப்பது செராமைடுதான். 2022இல் எலிகளில் கண்டறியப்பட்ட உண்மை இது.

தொட்டில் பழக்கம் தோலுக்கும் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் எபிடெர்மிடிஸைச் சந்தித்த எலிக்குட்டிகளின் உடல் அதை வீட்டு ஆளாக ஏற்றுக்கொள்கிறது. பிற்பாடு தோலில் காயம் பட்டு அது உள்ளே புகுந்தாலும் பெரிய ரகளை நடப்பதில்லை. வளர்ந்த பிறகு முதன்முதலாகச் சந்திக்கும் எலிக்கு அந்தச் சகிப்பு வருவதில்லை. டிஃபனி ஷார்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 2015இல் இதை வெளியிட்டார். மனிதக் குழந்தைக்கும் இப்படியொரு குறுகிய சாளரம் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையை 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு முதல் காரணம் உடற்சூடு குறையாமல் காப்பது. ஆனாலும் உடம்பில் ஒட்டியிருக்கும் அந்த வெண்ணிற மாப்பூச்சை ‘அழுக்கு’ என்று தேய்த்தெடுக்க நம் வீட்டுப் பெரியவர்கள் காட்டும் அவசரத்துக்குத் தோலின் பக்கத்திலும் நியாயம் இல்லை.

இதுவரை படித்துவிட்டு எபிடெர்மிடிஸுக்குக் கோயில் கட்டலாம் என்று யாராவது நினைத்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவரிடம் கேட்கட்டும். ரத்தக்குழாயில் செருகிய பிளாஸ்டிக் குழாய், செயற்கை இதய வால்வு, மாற்றிப் பொருத்திய மூட்டு ஆகியவற்றில் கோந்துப்படலம் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தொல்லை கொடுப்பதில் இதற்கு முன்வரிசையில் இடம். லக்டுனென்சிஸும் இதய வால்வில் ஏறினால் கொடியது. அவற்றின் குணம் மாறவில்லை, இடம் மாறியது. எபிடெர்மிடிஸ் நம்மைக் காக்க வேண்டும் என்று நினைத்து எதையும் செய்யவில்லை. தன் இருக்கையைக் காக்கிறது. அந்த இருக்கை நம் தோலாக இருப்பதால் நமக்கு லாபம். ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்ற சொல்லை நானும்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூச்சத்தோடு.

502ஏவின் மறுபாதிக் கதை இங்கேதான் வருகிறது. தடவப்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறு கொப்புளங்கள் வந்தன. 1972இல் ஒரு குழந்தை 502ஏ ரத்தத்தில் கலந்து இறந்துபோனது மருத்துவ இதழில் பதிவானது. அதற்குள் 80/81இன் ஆட்டமும் ஓய்ந்திருந்தது. முறை கைவிடப்பட்டது. சாதுவாகத் தெரிந்தாலும் அது ஆரியஸ்தானே.

பாக்டீரியாவைக் கொண்டே பாக்டீரியாவை மறிக்கும் எண்ணம் பல பத்தாண்டுகள் கழித்து, ஆரியஸ் அல்லாத பாக்டீரியாக்களோடு திரும்பி வந்தது. கரப்பான் என்று நம் ஊரில் சொல்லும் எக்சிமா உள்ளவர்களின் தோலில், வெடித்துச் சிவந்த இடங்களில் பெரும்பாலும் ஆரியஸ் மண்டிக் கிடக்கும். கேலோவின் குழு 2017இல் ஒன்றைக் கவனித்தது: நலமானவர்களின் தோலில் ஆரியஸைக் கொல்லத் தெரிந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ரகங்கள் தாராளமாக இருக்கின்றன, எக்சிமாக்காரர்களின் தோலில் அவை அருகிப்போயிருக்கின்றன. இருக்கை காலி, துண்டு போட ஆளில்லை. ஐந்து நோயாளிகளின் தோலில் மிச்சமிருந்த காவலர்களைத் தேடியெடுத்து, பெருக்கி, களிம்பில் குழைத்து அவரவர் கையிலேயே தடவியபோது ஆரியஸ் குறைந்தது.

2021இல் வந்த அடுத்த சோதனையில் ஆளுக்கொரு ரகம் தேடாமல் எல்லாருக்கும் ஒரே ரகம்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9. பங்கேற்றவர்கள் 54 பேர். ஒரு வாரச் சிகிச்சை. முதல் கேள்வி பாதுகாப்பு, அதில் தேறியது. ஆரியஸின் அளவும் குறைந்தது. நோய் தணிந்ததா என்று கேட்டால் பதில் ஆளைப் பொறுத்தது. யாருடைய ஆரியஸை ஏ9 நேரடியாகக் கொல்ல முடிந்ததோ அவர்களின் எக்சிமா தணிந்தது. மற்றவர்களுக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒரு வாரமும் 54 பேரும் எதையும் முடிவு கட்டப் போதாது. இதில் ஒரு வேடிக்கை: நம் அக்குள் நாற்றத்துக்குப் பெரும்பங்கு காரணமும் இதே ஹோமினிஸ் இனம்தான். அங்கே சுரக்கும் மணமற்ற திரவத்தை உடைத்துக் கந்தகம் கலந்த வாடையாக்குவது அது. வாசனைத் திரவியம் அடித்து நாம் விரட்டப் பார்க்கும் குடும்பத்திலிருந்து ஒரு மருந்து வரலாம்.

இந்த ஆய்வுகளின் சூடு ஆறுவதற்குள் ‘புரோபயாடிக்’ என்று எழுதிய களிம்புகள் கடைக்கு வந்துவிட்டன. கெட்டுப்போகாமலிருக்கக் கிருமிக்கொல்லி கலந்த டப்பாவுக்குள் பாக்டீரியா உயிரோடு இருக்குமா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. மறுபுறம், கிருமிகளை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லும் சோப்புகள். 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை கூடுதலாக நோயைத் தடுக்கின்றன என்பதற்கு உற்பத்தியாளர்களால் சான்று காட்ட முடியவில்லை. நம் ஊரில் எனக்கு இதைவிடக் கவலை தருவது, மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க” என்று சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே குழாயில். என்ன நோய் என்றே தெரியாமல் குடியிருப்பவர், வந்துபோகிறவர், காவல்காரர் எல்லார் மேலும் ஒரே நேரத்தில் விழும் அடி அது.

அப்படியானால் கையைக் கழுவலாமா, கூடாதா? இதற்கு 1938இலேயே பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விடை கண்டார். அவர் முறை எளிமையானது, கொஞ்சம் பைத்தியக்காரத்தனமும் கூட. வரிசையாகக் கிருமி நீக்கிய தண்ணீர்ப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, கையை முதல் பாத்திரத்தில் குறிப்பிட்ட நேரம் தூரிகையால் தேய்த்துக் கழுவி, அடுத்ததற்குப் போய், அதற்கடுத்ததற்குப் போய், ஒவ்வொரு தண்ணீரிலும் எத்தனை பாக்டீரியா விழுந்தது என்று எண்ணினார். ஒட்டுமொத்தத்தில் இரண்டு வகை தெரிந்தது. வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட வழிப்போக்கர்கள் ஒரு வகை. நோய் பரப்புகிறவை பெரும்பாலும் இவைதான், சோப்புக்கும் தண்ணீருக்கும் எளிதில் உதிர்ந்துவிடும். இன்னொரு வகை குடியிருப்பாளர்கள். பாத்திரம் பாத்திரமாகத் தேய்த்தாலும் மெல்ல மெல்லத்தான் குறைந்தார்கள், முழுதாகப் போகவே இல்லை.

அறுவை மருத்துவர்கள் இன்றும் கிருமிநாசினி போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கையுறை மாட்டுகிறார்கள். நீண்ட அறுவை சிகிச்சை முடிந்து கையுறையைக் கழற்றும்போது, வியர்வையில் ஊறிய அந்தக் கையில் மயிர்க்கால்களின் ஆழத்திலிருந்து மேலேறி வந்த பழைய குடியிருப்பாளர்கள் மறுபடியும் தங்கள் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.